எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன்னர்

ஒரு வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று உறுதியானால், அன்றிரவே அந்த வீட்டில் ஒரு சர்வதேச மாநாடு கூடிவிடுகிறது. ரொறன்ரோவிலிருந்து மூத்த மகன், இலண்டனிலிருந்து மருமகள், சிட்னியிலிருந்து பெறாமகன், போதாததற்குச் சென்னையில் ஒரு பெரிய வைத்தியரைத் தெரிந்த அயலவர் ஒருவர். தொலைபேசியில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இயந்திரத்தின் பெயரைச் சொல்கிறார்கள். ஐ.எம்.ஆர்.ரி. செய்தால் போதும் என்கிறார் ஒருவர். அது பழசு, எஸ்.பி.ஆர்.ரி. தான் இப்போது செய்கிறார்கள் என்கிறார் மற்றவர். புரோட்டோன் இருக்கும்போது வேறெதையும் நினைக்கவே கூடாது என்கிறார் மூன்றாமவர். காணியை ஈடு வைப்பதா, விற்பதா என்பது வரை பேச்சுப் போய்விடும். நோயாளியோ விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருமிக்கொண்டிருப்பார். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, சிகிச்சையின் நோக்கம் என்ன என்ற இரண்டு கேள்விகளையும் அந்த மாநாட்டில் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

நான் வைத்தியன் அல்லன். கலைப்பீடத்தில் படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆனால், மருத்துவ ஆய்வு முடிவுகள் இரகசிய ஆவணங்கள் அல்ல. நுரையீரல் புற்றுநோய்க்கான கதிர்ச் சிகிச்சை முறைகளை ஒன்றோடொன்று நேர்மையாக ஒப்பிட்ட ஆய்வுகள் கணிசமாக வெளிவந்திருக்கின்றன. அவற்றைப் பொறுமையாக வாசித்தால் தெரியவரும் செய்தி, விளம்பரப் பலகைகள் சொல்லும் செய்தியல்ல. இயந்திரத்தின் பெயர் ஐந்தாவது கேள்வியாகவோ ஆறாவது கேள்வியாகவோ வரவேண்டிய ஒன்று என்பதே அவற்றிலிருந்து நான் பெற்ற முடிபு.

எங்கள் சனங்கள் 'கரண்ட் பிடிப்பது' என்று சொல்லும் இச்சிகிச்சையின் அடிப்படை எளிமையானது. கட்டிக்குப் போதிய கதிர் சேரவேண்டும்; சுற்றியுள்ள உறுப்புகளுக்கு அது குறைவாகவே போகவேண்டும். மார்பினுள் இது எவ்வளவு கடினம் என்பதை யோசித்துப் பாருங்கள். நடுவில் இதயம், அதன் பின்னால் உணவுக்குழாய், அதற்கும் பின்னால் முதுகுத் தண்டுவடம், இரு பக்கமும் நல்ல நுரையீரல். இவற்றுக்கு நடுவே உள்ள கட்டி ஓரிடத்தில் நிற்பதுமில்லை. மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் அதுவும் அசைகிறது. நுரையீரலின் கீழ்ப்பகுதியிலுள்ள கட்டி ஒரு சென்ரிமீற்றருக்கு மேலும் மேலும் கீழுமாகப் போய்வரக்கூடும். ஓடும் மானைக் குறிபார்க்கும் வேலை இது. அதுவும் மானின் அருகே வீட்டாரெல்லாம் நிற்கும்போது.

1951இல் கனடாவில் கோபால்ட்-60 இயந்திரம் சிகிச்சைக்கு வந்தது. 1953இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் லீனியர் அக்சலரேட்டர், சுருக்கமாக லினாக், நோயாளருக்குப் பயன்படத் தொடங்கியது. கோபால்ட் உறுதியான, வேலைக்கஞ்சாத இயந்திரம். எங்கள் மகரகமவில் நீண்ட காலம் சுமையைத் தாங்கியவை அவைதாம். ஆனால் அதன் கதிரோட்டத்துக்கு ஓரங்கள் கூர்மையாக இல்லை. தவிரவும், கோபால்ட்டின் வீரியம் ஐந்தேகால் ஆண்டில் பாதியாகிவிடும். மூலத்தை உரிய காலத்தில் மாற்றாவிட்டால், ஒரு நோயாளி படுக்கையில் கிடக்க வேண்டிய நேரம் இரட்டிப்பாகும்; வெளியே வாங்கில் காத்திருப்போரின் வரிசையும் நீளும்.

லினாக்கின் வழியில் வந்தவையே ஏனைய நவீன முறைகள். சி.ரி. ஸ்கான் படத்தைக் கொண்டு கட்டியின் வடிவத்துக்கேற்பக் கதிரை வெட்டி அமைப்பது முப்பரிமாணக் கதிர்ச் சிகிச்சை. ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் கதிரின் செறிவையே இடத்துக்கிடம் கூட்டிக் குறைப்பது ஐ.எம்.ஆர்.ரி. இயந்திரம் நோயாளியைச் சுற்றிச் சுழன்றுகொண்டே இதைச் செய்தால் அதற்கு வீ.மற். என்று பெயர். சிறிய கட்டிக்கு மிகப் பெரிய அளவுக் கதிரை மூன்று முதல் எட்டுத் தவணைகளில் மிகத் துல்லியமாகக் கொடுத்து முடிப்பது எஸ்.பி.ஆர்.ரி. சைபர் நைஃப் என்று சிலர் வியந்து சொல்வது இந்தக் கடைசி முறையைச் செய்யும் ஒரு கம்பனி இயந்திரத்தின் பெயர்தான். அது தனியான ஒரு சிகிச்சை அல்ல.

இவற்றுள் எது சிறந்தது என்ற விவாதத்துக்குப் போவதற்கு முன்னர், அதைவிட அடிப்படையான ஒரு நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதைச் சொல்லவேண்டும். கூடக் கொடுத்தால் கூட நல்லது என்ற நம்பிக்கை அது. நுரையீரலோடும் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களோடும் நோய் நின்றுவிட்ட, ஆனால் சத்திரசிகிச்சை செய்ய இயலாத நோயாளருக்கு 60 கிரே என்ற அளவு 1970களின் அமெரிக்க ஆய்வொன்றிலிருந்து நிலைபெற்றது. கிரே என்பது உடல் ஏற்றுக்கொள்ளும் கதிரின் அளவு. நவீன இயந்திரங்கள் வந்தபின், 74 கிரே கொடுத்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று நிபுணர்கள் எண்ணினார்கள். எண்ணியதோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தார்கள். ஆர்.ரி.ஓ.ஜி. 0617 என்ற அந்த ஆய்வின் முடிவு 2015இல் 'லான்செட் ஒன்கோலொஜி'யில் வெளியானது. 60 கிரே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 28.7 மாதங்கள். 74 கிரே பெற்றவர்களுக்கு 20.3 மாதங்கள். அதிகம் பெற்றவர்கள் எட்டு மாதங்கள் முன்னதாக இறந்தார்கள். இதயத்தின் மீது விழுந்த கதிர் இதற்கு ஒரு காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. நல்ல எண்ணத்தோடு, நல்ல இயந்திரத்தால், நல்ல வைத்தியர்கள் கொடுத்த கூடுதல் 14 கிரே செய்த வேலை இது. "ஸ்ட்ரோங்காகக் கொடுக்கச் சொல்லுங்கோ டொக்டர்" என்று மன்றாடும் உறவினருக்கு இந்த ஒரு முடிவையாவது யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

இதே ஆய்வில் பங்கேற்ற 482 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முப்பரிமாண முறையிலும் ஏனையோர் ஐ.எம்.ஆர்.ரி. முறையிலும் சிகிச்சை பெற்றிருந்தார்கள். அவர்களைப் பிரித்துப் பார்த்த கணக்கு 2017இல் வந்தது. கதிரினால் நுரையீரலில் கடுமையான அழற்சி ஏற்பட்டவர்கள் முப்பரிமாண முறையில் 7.9 சதவீதம், ஐ.எம்.ஆர்.ரி.யில் 3.5 சதவீதம். இத்தனைக்கும் ஐ.எம்.ஆர்.ரி. பெற்றவர்களுக்குக் கட்டிகள் பெரியவையாக இருந்தன. இதயத்துக்குப் போன கதிரும் அவர்களுக்குக் குறைவு. ஆயுள் மட்டும் இரு பகுதியினருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எவருக்கு எந்த முறை என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்ற குறை இக்கணக்குக்கு உண்டு. ஆயினும், நோய் பரந்து கிடக்கும் மூன்றாங்கட்ட நோயாளருக்கு ஐ.எம்.ஆர்.ரி. வசதி கிடைக்குமாயின் அதைக் கேட்டுப் பெறுவதற்கு இது போதிய நியாயம் என்பேன். ஆயுளைக் கூட்டாத முறை ஏன் என்று கேட்கலாம். மூச்சு வாங்காமல் படியேறுவதன் பெறுமதி, மூச்சு வாங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

இனி எஸ்.பி.ஆர்.ரி. இதைப் பற்றிய உற்சாகம் பெருமளவுக்கு நியாயமானதே. கட்டி சிறியதாகவும், நிணநீர்க் கணுக்களுக்குப் போகாமலும், ஆனால் முதுமையாலோ வேறு நோய்களாலோ சத்திரசிகிச்சைக்கு உடல் இடங்கொடாமலும் உள்ளவர்களுக்கானது இது. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 54 கிரே கதிரை மூன்றே தவணைகளில் பெற்ற 55 பேரில், மூன்றாண்டுகளின் பின்னர் மூலக்கட்டி கட்டுப்பாட்டில் இருந்த வீதம் 97.6 சதவீதம். பழைய முறைகளில் எவரும் கனவிலும் காணாத எண் அது. அவர்களுள் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 55.8 சதவீதம் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். கட்டி அடங்கியது, ஆனால் இதய நோயும், புகையால் கெட்ட நுரையீரலும், வேறிடத்தில் தலைகாட்டிய நோயும் அடங்கவில்லை.

எஸ்.பி.ஆர்.ரி.யைப் பழைய முறைகளோடு நேருக்கு நேர் நிறுத்திய ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை என்பதே எனக்குச் சுவையாகப் பட்டது. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 101 பேரிடம் நடந்த 'சிசல்' ஆய்வு 2019இல் வெளிவந்தது. கட்டி அதே இடத்தில் மீண்டும் வளர்ந்தது எஸ்.பி.ஆர்.ரி. பெற்றவர்களில் 14 சதவீதத்தினருக்கு. வழமையான முறையில் 31 சதவீதத்தினருக்கு. தெளிவான வெற்றி. ஆனால், 2016இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில், ஏழு வாரங்கள் நாளாந்தம் பெற்ற 70 கிரேக்கும் ஒரு வாரத்துள் பெற்ற மூன்று தவணைகளுக்கும் இடையே ஆயுளில் வேறுபாடு தெரியவில்லை; பக்க விளைவுகள்தாம் எஸ்.பி.ஆர்.ரி.யில் குறைந்தன. கனடாவின் 'லஸ்டர்' ஆய்வு 2024இல் வந்தது. அதில் ஒப்பிடப்பட்டது, மூன்று வாரங்களில் 15 தவணைகளாகக் கொடுக்கப்பட்ட 60 கிரே. மூன்றாண்டுக் கட்டுப்பாடு எஸ்.பி.ஆர்.ரி.யில் 87.6 சதவீதம், மற்றதில் 81.2 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலானதல்ல என்று அடித்துச் சொல்லப் புள்ளிவிபரம் இடந்தரவில்லை.

ரொறன்ரோவிலிருந்து தொலைபேசி எடுக்கும் மகன் தன் நாட்டு வைத்தியர்களே செய்த இந்த ஆய்வை அறிந்திருந்தால் நன்று. எஸ்.பி.ஆர்.ரி. அருகில் கிடைத்தால் அதையே செய்யலாம். நான்கு நாளில் முடிகிற வேலைக்கு ஏழு வாரம் அலைவானேன்? ஆனால் அது கிடைக்காத ஊரிலே, நன்றாகத் திட்டமிடப்பட்ட மூன்று வாரச் சிகிச்சையைப் பெறுபவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. கட்டி பெரிய சுவாசக்குழாய்களை ஒட்டி மார்பின் நடுவில் இருந்தால் எஸ்.பி.ஆர்.ரி.யே ஆபத்தாகிவிடலாம். இது 2006இலேயே எச்சரிக்கப்பட்டது. 2021இல் வெளியான நோர்டிக் நாடுகளின் 'ஹைலஸ்' ஆய்வில், இவ்வாறான இடத்தில் கட்டியுள்ள 65 பேருக்கு எட்டுத் தவணைகளில் 56 கிரே கொடுக்கப்பட்டது. பத்துப் பேரின் மரணம் சிகிச்சையினாலேயே நேர்ந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. அவர்களுள் எட்டுப் பேர் நுரையீரலில் இரத்தம் கசிந்து இறந்தார்கள். ஆகவே, அயல்வீட்டுக்காரரின் தமையனுக்குச் செய்தார்கள், எங்களுக்கு ஏன் செய்யவில்லை என்று கோபிப்பதில் பொருளில்லை. அவருடைய கட்டி ஓரத்தில் இருந்திருக்கும். உங்களுடையது நடுவில்.

புரோட்டோனுக்கு வருவோம். மிக அதிகமாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பணம் போவதும் இங்கேதான். தெற்காசியாவின் முதலாவது புரோட்டோன் சிகிச்சை நிலையம் 2019இல் சென்னையில் திறக்கப்பட்ட பின்னர், பலாலியிலிருந்தோ கட்டுநாயக்கவிலிருந்தோ ஒரு குட்டித் தூக்கத்துக்குள் போய்விடக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. அதன் பௌதிகம் அழகானது. சாதாரண எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கமாக வெளியேறும். புரோட்டோன் துணிக்கையோ குறித்த ஆழம் வரை சென்று, அங்கே தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். கட்டிக்கு அப்பால் ஒன்றுமில்லை. கேட்கும்போதே காணியை விற்கலாம் போலத்தான் இருக்கும்.

ஆனால், எந்த ஆழத்தில் நிற்கும் என்பதை வழியிலுள்ள பொருளின் அடர்த்தியே தீர்மானிக்கிறது. மூளையிலோ கண்ணிலோ அது பெரும்பாலும் மாறாதது. நுரையீரல் காற்றும் தசையும் கலந்த பஞ்சு. அதற்குள் கட்டி மூச்சோடு அசைகிறது. தசை இருக்குமென்று கணக்கிட்ட இடத்தில் ஒரு கணம் காற்று வந்துவிட்டால் புரோட்டோன் குறி தாண்டி ஓடும். புரோட்டோனின் பலமாகச் சொல்லப்படும் அதே குணம் நுரையீரலில் பலவீனமாகவும் ஆகலாம். ஐ.எம்.ஆர்.ரி.யோடு இதைக் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. 149 பேர். கடுமையான நுரையீரல் அழற்சி ஐ.எம்.ஆர்.ரி.யில் 6.5 சதவீதம், புரோட்டோனில் 10.5 சதவீதம். கட்டி மீளத் தலையெடுத்தது ஒன்றில் 10.9, மற்றதில் 10.5 சதவீதம். அதாவது, எதிர்பார்க்கப்பட்ட நன்மை கிட்டவில்லை. இதயத்துக்குப் போன கதிர் மட்டும் புரோட்டோனில் குறைவாயிருந்தது.

அந்த ஆய்வில் பயன்பட்டது புரோட்டோனைப் பரப்பிவிடும் பழைய முறை என்பதையும், இன்று மெல்லிய கற்றையால் புள்ளி புள்ளியாகத் தீட்டும் முறை வந்துவிட்டது என்பதையும் நேர்மைக்காகச் சொல்லவேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கதிர் பெற்ற இடத்தில் மீண்டும் கொடுக்க நேரும் நோயாளர், இதயத்தை ஒட்டிக் கட்டியுள்ளவர் போன்ற சிலருக்கு அது உண்மையிலேயே உதவக்கூடும். குழந்தைகளின் மூளைக் கட்டிகளுக்கு அதன் நியாயம் இதைவிட வலுவானது. நுரையீரல் புற்றுநோய்க்காரர் எல்லோருக்கும் அதுவே வேண்டும் என்பதற்கு மட்டும் இதுவரை ஆதாரம் இல்லை. ஆதாரமில்லாத ஒன்றுக்காக ஒரு குடும்பம் தன் கூரையை விற்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இயந்திரத்தை விட்டுக் கடிகாரத்தைப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. அவற்றைப் பற்றி எவரும் விளம்பரம் செய்வதில்லை. விற்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. 1997இல் வெளியான பிரித்தானிய 'சார்ட்' ஆய்வில், ஆறு வாரச் சிகிச்சைக்குப் பதிலாக, நாளுக்கு மூன்று தடவையாக, சனி ஞாயிறும் விடாமல், தொடர்ச்சியாகப் பன்னிரண்டு நாள்களில் 54 கிரே கொடுத்தார்கள். இரண்டாண்டு உயிர்வாழ்வு 20 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் கூடியது. சிறுகல வகை நுரையீரல் புற்றுநோயில், மொத்த அளவான 45 கிரேயை மாற்றாமல், நாளுக்கு இரு தடவையாக மூன்று வாரத்தில் கொடுத்தபோது, ஐந்தாண்டு உயிர்வாழ்வு 16இலிருந்து 26 சதவீதமாயிற்று. இது 1999இல் வந்த முடிவு. அதே கதிர், அதே இயந்திரம். நேர அட்டவணைதான் மாறியது. கட்டி சனி ஞாயிறு லீவு எடுப்பதில்லை என்பதுதான் விளக்கம். ஆயினும் 'சார்ட்' முறை பிரித்தானியாவிலேயே பரவலாகவில்லை. வார இறுதியில் வேலைக்கு ஆள் வைப்பது, புதிய இயந்திரம் வாங்குவதைவிடக் கடினமாயிருந்தது போலும்!

இதுவரை சொன்னவை குணப்படுத்தும் நோக்கோடு செய்யப்படும் சிகிச்சை பற்றியவை. எங்கள் நாட்டில் பலர் வைத்தியசாலைக்கு வந்து சேரும்போது நோய் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இருமலை வெகுநாள் காசநோய் என்றோ புகையிருமல் என்றோ நினைத்திருப்பார்கள். அதன் பின் செய்யப்படும் சிகிச்சையின் நோக்கம் வேறு: வலியைக் குறைப்பது, இரத்தம் துப்புவதை நிறுத்துவது, மூச்சை இலகுவாக்குவது. இங்கே ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்லும் செய்தியை எங்கள் வீடுகளுக்குத் தமிழில் கொண்டுபோவது மிக அவசியம் என்று கருதுகிறேன்.

பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வொன்றில், பத்துத் தவணைகளில் 30 கிரே பெற்றவர்களுக்குக் கிடைத்த நிவாரணமே, ஒரு வார இடைவெளியில் இரண்டே தவணைகளில் 17 கிரே பெற்றவர்களுக்கும் கிடைத்தது. உடல்நிலை மிகத் தளர்ந்தவர்களுக்கு ஒரே தவணையில் 10 கிரே போதுமாயிருந்தது என்று அடுத்த ஆய்வு காட்டியது. உடல் ஓரளவு தெம்பாக உள்ளவர்களுக்கு மட்டும் நீண்ட சிகிச்சை சிறிது உதவியது: 1996இல் வந்த முடிவின்படி, 13 தவணைகள் பெற்றவர்கள் ஒன்பது மாதமும் இரண்டு தவணைகள் பெற்றவர்கள் ஏழு மாதமும் வாழ்ந்தார்கள். எலும்புக்குப் பரவிய நோயின் வலிக்கு 8 கிரே ஒரே தவணை போதும் என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானது. மூளைக்குப் பரவியபின் முழுத் தலைக்கும் கதிர் கொடுப்பது வழமையாயிருந்ததே, அதையும் 2016இல் 'குவார்ட்ஸ்' ஆய்வு சோதித்தது. சத்திரசிகிச்சையோ துல்லியக் கதிரோ பொருந்தாத 538 பேர். கதிர் பெற்றவர்கள் சராசரியாக 9.2 வாரமும், மருந்தும் பராமரிப்பும் மட்டும் பெற்றவர்கள் 8.5 வாரமும் வாழ்ந்தார்கள். ஐந்து நாள் வித்தியாசம்.

மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வருகிற ஒருவருக்கு, பத்துத் தவணை என்பது பஸ்ஸிலும் விடுதியிலும் கழியும் இரண்டு வாரம். கூட வருபவரின் கூலியும் அந்த இரண்டு வாரத்துக்கு இல்லை. இரண்டு தவணையில் அதே நிவாரணம் உண்டென்றால், அதைக் கேட்பது பிச்சை கேட்பது ஆகாது.

என்னோடு பல ஆண்டுகள் ஆசிரியபீடத்தில் இருந்த மூத்த சகா ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பெயர் வேண்டாம். நோய் முள்ளந்தண்டுக்குப் பரவியபின்னர் பிள்ளைகள் கடன்பட்டு அவரைக் கடல் கடந்து ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆறு வாரச் சிகிச்சைத் திட்டம் ஒன்று கையில் கொடுக்கப்பட்டது. நோக்கம் குணப்படுத்துவதா, வலி தணிப்பதா என்று பிள்ளைகளும் கேட்கவில்லை, வைத்தியரும் சொல்லவில்லை. நாலாவது வாரம் அவர் அந்த ஊர் லொட்ஜ் ஒன்றின் அறையில், தன் புத்தகங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தூரத்தில், கண்ணை மூடினார். பூதவுடலைக் கொண்டுவரும் செலவு வேறு. முள்ளந்தண்டு வலிக்கு ஒரு தவணை இங்கேயே கொடுத்திருக்கலாம் என்று பின்னர் ஒரு நிபுணர் என்னிடம் சொன்னார். பிள்ளைகளிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர்கள் அன்பினால் செய்தது அது.

வைத்தியரிடம் கேட்பது அவமரியாதை என்ற எண்ணம் எங்கள் சமூகத்தில் இன்னும் உண்டு. நோய் எந்தக் கட்டம், உயிரணு வகை என்ன, இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, தணிக்கவா, எத்தனை நாள், அதைவிடக் குறைந்த நாளில் முடிக்கும் வழி உண்டா, இதயத்துக்கும் நல்ல நுரையீரலுக்கும் எவ்வளவு கதிர் போகும், மூச்சின் அசைவைக் கணக்கில் எடுக்க நாற்பரிமாண ஸ்கான் எடுப்பீர்களா என்று கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கப் போவதில்லை. இந்தக் கேள்விகளின் பதில்களே இயந்திரத்தைத் தெரிவுசெய்துவிடும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாங்கட்ட நோயில் அண்மைக் காலத்தில் கிடைத்த பெரிய முன்னேற்றம் புதிய கதிர் இயந்திரத்தால் வந்ததல்ல. கதிரும் கீமோவும் முடிந்தபின் ஓராண்டு காலம் டுர்வலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்த 'பசிஃபிக்' ஆய்வில், ஐந்தாண்டு உயிர்வாழ்வு 33.4இலிருந்து 42.9 சதவீதமாக உயர்ந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு வேறு மாத்திரை; ஆசிய நாட்டவரிடையே, குறிப்பாகப் புகைபிடிக்காதவர்களிடையே, இம்மாற்றம் கூடுதலாகக் காணப்படுகிறது. புரோட்டோனுக்காகச் சேர்த்த காசு வீட்டில் இருந்தால், அதில் ஒரு சிறு பங்கை முதலில் மரபணுப் பரிசோதனைக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் நுரையீரல் புற்றுநோய் முன்வரிசையில் இருக்கிறது. இந்நோய்க்கான அரச வசதிகளில் ஒரு பகுதி பொதுமக்களின் கைக்காசால் வந்தது. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்கள் நடந்து சேர்த்த பணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு தந்தை 2016இல் முன்னின்று நடத்திய நிதிசேகரிப்பில், மகரகமவுக்குப் பெற் ஸ்கான் இயந்திரம் வாங்க 200 மில்லியன் ரூபாவுக்கு மேல் திரண்டது. பெற் ஸ்கான் இல்லாமல் நோய் எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சரியாக அறிய முடியாது. அறியாவிட்டால் மேலே சொன்ன ஒப்பீடுகள் எதுவுமே பயன்படாது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து செய்த இக்காரியங்களைப் பற்றி எங்கள் பத்திரிகைகள் எழுதியது போதாது.

ஆகவே, அரசு எங்கே பணத்தைப் போடவேண்டும் என்ற கேள்வியில் எனக்குக் குழப்பமில்லை. புரோட்டோன் நிலையம் ஒன்றைப் பற்றிக் கனவு காண்பதற்கு முன்னர், ஏற்கெனவே உள்ள லினாக் இயந்திரங்களுக்குத் தடையற்ற பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். மருத்துவ பௌதிகவியலாளர்களும் கதிர்ச் சிகிச்சைத் தொழில்நுட்பவியலாளர்களும் வெளிநாட்டுக்குப் போகாமல் இருக்கும்படியான சம்பளம் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நோயாளி எஸ்.பி.ஆர்.ரி.க்காக மகரகம வரை வராமல் சிகிச்சை பெறவேண்டும். சிகிச்சையின் நடுவே இயந்திரம் பழுதாகி ஒரு வாரம் நின்றால் கட்டி அந்த வாரம் முழுவதும் வளரும், ஐ.எம்.ஆர்.ரி. என்ற பெயர் அதைத் தடுக்காது. புதிய இயந்திரத்தின் முன்னால் அமைச்சர் நாடா வெட்டும் படத்தை முதற்பக்கத்தில் போடுகின்ற பத்திரிகைகள், அதே இயந்திரம் கடந்த ஆண்டில் எத்தனை நாள் ஓடியது, எத்தனை நாள் நின்றது என்ற கணக்கையும் அமைச்சிடம் கேட்டு வாங்கி ஆண்டுதோறும் பிரசுரிக்கட்டும்.